சும்மா நிற்பதாகத் தெரியும் ஆள்

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் வேலூரைக் கேலி செய்வார்கள். 1981-இல் ஜலகண்டேசுவரர் திரும்ப எழுந்தருளியதும் கோயில் குறை தீர்ந்தது. பாலாறு 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடி, பிறகு வழக்கம்போல மணலுக்குத் திரும்பிவிட்டது. இந்தச் சீமையில் ஏரியில் உல்லாசப் படகு விடுவதுதான் என் பிழைப்பு என்றால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சிரிக்காமல் என்ன செய்வார்?

சிரிப்பு இருக்கட்டும். அந்தக் கேலியில் என் தொழிலின் முதல் சிக்கல் இருக்கிறது. எங்களிடம் வேலைக்கு வரும் பையன்கள் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர்; விவசாயக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள். நன்றாக நீந்துவார்கள். ஆனால் படகு எந்தப் பக்கம் சாயும், தண்ணீரில் விழுந்தவன் காப்பாற்ற வருபவனின் கழுத்தை எப்படி இறுக்குவான் என்பதெல்லாம் அவர்களுக்குப் புதிது. கடற்கரையில் பரம்பரை அனுபவம் பார்த்துக்கொள்ளும் காரியத்தை, இங்கே வேலைப் பங்கீட்டைக் கொண்டுதான் சமாளிக்க வேண்டும்.

ஏரியைக் குத்தகைக்கு எடுக்கிறவர்கள் முதலில் வெட்டுவது துறையில் நிற்கும் ஆளைத்தான். துடுப்புப் போடுகிறவன் வேர்த்துக் கொட்டுகிறான், டிக்கெட் கொடுக்கிறவன் பணம் எண்ணுகிறான். துறைப் பலகையில் கயிற்றைப் பிடித்து நிற்கிறவன் மட்டும் சும்மா நிற்பதாகத் தெரிகிறது. "அவனுக்கு எதற்கு ஐயா தினக்கூலி?" என்று என்னிடம் கேட்காத முதலாளி இல்லை.

ஒரு காணும் பொங்கலன்று நானே அந்தத் தவற்றைச் செய்தேன். கவுண்டரில் சில்லறை தீர்ந்துவிட்டது. வரிசை சாலை வரை நின்றது. கயிறு பிடிக்கும் தம்பியைக் கடைக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. அதற்குள் ஒரு மிதி படகு வந்து துறையைத் தொட்டது. அப்பா ஒரு காலைப் பலகையில் வைத்தார், மறுகால் படகை உதைத்தது. படகு விலகிய இடைவெளியில், அவர் கையைப் பிடித்திருந்த சிறுமி விழுந்தாள். பெரியவர்களின் லைஃப் ஜாக்கெட்டை அவளுக்கு மாட்டியிருந்தோம். ஜாக்கெட் மேலே நின்றது, பிள்ளை கீழே நழுவினாள். தண்ணீர் மார்பளவுதான், பக்கத்துப் படகோட்டி குதித்துத் தூக்கிவிட்டான். அவள் அம்மா என்னைத் திட்டவில்லை, பார்த்தார். திட்டியிருக்கலாம்.

நடு ஏரியைவிட ஏறும் இடமும் இறங்கும் இடமும்தான் எனக்குப் பயம். அதனால் இப்போது என் கணக்கு இப்படி: பத்து மிதி படகு, நான்கு துடுப்புப் படகு என்றால் துடுப்புக்கு நால்வர், ஏற்ற ஒருவர், இறக்க ஒருவர், ஜாக்கெட் மாட்டிவிட ஒருவர், டிக்கெட்டுக்கு ஒருவர், மீட்புப் படகில் ஒருவர். விடுப்புக்கும் காய்ச்சலுக்கும் மேற்கொண்டு இருவர். ஒருவர் வரவில்லையா, ஒரு படகைக் கட்டிப்போடுவேனே தவிர, ஒருவரிடம் இரண்டு வேலையைத் தர மாட்டேன். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமையிலும் அப்படித்தான்: படகு குறையும், துறை ஆளும் மீட்பு ஆளும் குறைய மாட்டார்கள்.

மீட்புப் படகில் இருப்பவருக்கு டீ வாங்கும் வேலைகூடக் கிடையாது. மூழ்குகிறவன் சினிமாவில் வருவதுபோல் கத்த மாட்டான். மூச்சு விடவே வாய் போதாது. பெரும்பாலும் 20 முதல் 60 விநாடிகளில் தலை உள்ளே போய்விடும். அதைப் பார்க்கும் கண் கைபேசியில் இருந்தால் மீட்புப் படகு இருந்தும் பயனில்லை. குதிப்பது கடைசி வழி என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் துடுப்பை நீட்டு, எட்டாவிட்டால் கயிற்றை வீசு, பிறகு படகோடு போ. கிணற்றுப் பையன்களுக்கு இது கசக்கிறது.

"முடியாது" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் என்பது அடுத்த கேள்வி. தேக்கடியில் 2009-இல் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கேரளத்துத் தானூரில் 2023-இல் 22 பேர். வதோதராவில் 2024-இல் பள்ளிப் பிள்ளைகள் உட்பட 14 பேர். தானூரிலும் வதோதராவிலும் படகு தாங்கும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். பணப்பெட்டியை வைத்திருப்பவரால் ஐந்தாவது ஆளை இறக்கிவிட முடியாது. அதைத் துறையில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டேன். குடித்துவிட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்புவதும், படகில் எழுந்து நின்று படம் எடுப்பவரை விசிலடித்து உட்காரவைப்பதும் அவர்தான். என் மைத்துனர் குடும்பத்தையே ஒருமுறை அவர் இரண்டு படகாகப் பிரித்தார். மைத்துனர் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் இயந்திரம் பூட்டிய படகுக்குப் பதிவும் தகுதிச் சான்றும் கேட்கிறது. மிதி படகுக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நினைப்பவர்கள் மே மாத மாலையில் வந்து பார்க்க வேண்டும். நாற்பது டிகிரியில் காய்ந்த நாளின் முடிவில் திடீரென்று கோடை மழைக் காற்று கிளம்பும். கூரை போட்ட மிதி படகு பாய்மரம்போல் எதிர்க்கரைக்குப் போய்விடும், எவ்வளவு மிதித்தாலும் திரும்பாது. முதல் இடி கேட்டதும் எல்லாப் படகையும் அழைத்துவிடுகிறோம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி திறக்கிறோம்.

மாலையில் ஜாக்கெட்டை எண்ணுவதும் ஒரு வேலை. அதற்கும் ஆள் உண்டு. போன மாதம் கொடுத்தது 46, திரும்பியது 45. படகுகள் எல்லாம் கரையில் கட்டியிருந்தன. இருந்தாலும் மீட்புத் தம்பி எதுவும் கேட்காமல் படகைத் தள்ளிவிட்டான். துறைக்காரர் சாலைப் பக்கம் ஓடினார். கரும்புச்சாறு வண்டியருகே ஒரு பையன் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு நின்று சாறு குடித்துக்கொண்டிருந்தான்.