தொட்டுக்கிட்டதெல்லாம் உப்புக் கணக்குல வராதா?

பிரஷருக்கு என்ன சாப்பிடணும்னு என்கிட்ட ஆலோசனை கேட்டு வர்றவங்கள்ல, இந்த வாரம் மட்டும் இவர் நாலாவது ஆளு. பிரஷர் 168, மாத்திரை ஒழுங்கா போடுறாரு, ஹாக்கர் சென்டர் சாப்பாட்டுக் கடைங்க பக்கமே போறதில்ல, மூணு வேளையும் வீட்டுச் சாப்பாடுதான். போன தடவை ஒரு நோட்டு குடுத்து, சாப்பிட்டதை எழுதிட்டு வாங்க அங்கிள்னு சொல்லியிருந்தேன். மதியம் சாதம், சாம்பார், தயிர்னு அழகா எழுதிட்டு வந்திருக்காரு. தொட்டுக்க என்னன்னு கேட்டா, "ஒண்ணுமில்லம்மா, சும்மா ஊறுகா, ரெண்டு அப்பளம், மோர் மிளகா, ராத்திரி கஞ்சிக்கு நெத்திலி சம்பல்".

அந்த "ஒண்ணுமில்ல"தான் பிரச்சனையே. அப்பளத்துல உப்போட அப்பளக்காரமும் இருக்கு, அதுவும் சோடியம்தான். நெத்திலி உப்புத்தண்ணில அவிச்சு காயவச்சது, அதுக்கு மேல உப்பு போட்டுப் புளிக்கவச்ச இறால் விழுது பெலாச்சான், அதுக்கும் மேல ருசிக்கு இன்னும் ஒரு சிட்டிகை. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியம் போதும், அதாவது எல்லாம் சேர்த்து ஒரே ஒரு டீஸ்பூன் உப்பு. 2022ல சிங்கப்பூர்ல எடுத்த ஊட்டச்சத்து ஆய்வுல சராசரியே 3,620 மில்லிகிராம் சோடியம்.

சரி, இதைக்கூட பொறுத்துக்குவேன். "நாங்க இந்துப்புதான் போடுறோம், அது ஒண்ணும் செய்யாது"ன்னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்கே பிரஷர் ஏறுது. இந்துப்பும் கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடுதாங்க. அதுல இருக்கிற மத்த தாதுக்களை நம்பி சாப்பிடணும்னா கிலோ கணக்குல சாப்பிடணும். கல்லுப்பு, கடல் உப்பு, ரோஸ் கலர் உப்பு எல்லாமே அப்படித்தான், ஸ்பூன்ல அள்ளும்போது கல்லுக்கு நடுவுல காத்து இருக்கிறதால கொஞ்சம் கம்மியா வருமே தவிர எடை போட்டா ஒண்ணுதான். லிட்டில் இந்தியா தேக்காவுல விலை ஜாஸ்தி குடுத்து வாங்கினா உடம்புக்கு வித்தியாசம் தெரியும்னு நினைக்காதீங்க. வாட்ஸ்அப்ல வந்துச்சுன்னு என்கிட்டயே ஃபார்வர்டு பண்றாங்க.

சோடியம் கம்மியான உப்புன்னு விக்கிறது வேற சமாச்சாரம், அதுல பொட்டாசியம் கலந்திருக்கும். கிட்னி பிரச்சனை இருக்கிறவங்களும் சில பிரஷர் மாத்திரை போடுறவங்களும் டாக்டரைக் கேக்காம அதைத் தொடவே கூடாது.

போன மாசம் ஒரு அக்கா, நான் சொன்னேன்னு மாங்கா ஊறுகாய்ல உப்பைப் பாதியாக்கி வெளிய வச்சு பூஞ்சை புடிச்சிடுச்சு. ஊறுகாயைக் கெடாம வைக்கிறதே உப்புதானே! உப்பு கம்மியா வேணும்னா மாங்காயைப் பொடியா நறுக்கி, மிளகாத்தூள் போட்டுத் தாளிச்சு, ஃபிரிட்ஜ்ல வச்சு ரெண்டு மூணு நாள்ல முடிச்சிடுங்க.

எங்க பாட்டி வீட்டுல கஞ்சிக்கு ஊறுகா உண்டு, இல்லன்னா சுட்ட அப்பளம் உண்டு, ரெண்டும் ஒரே தட்டுல வந்து நான் பார்த்ததில்ல. நீங்களும் ஏதாவது ஒண்ணு வச்சுக்குங்க, மிச்சத்துக்கு அவரைக்காய் பொரியலோ கீரையோ பண்ணுங்க. உப்பைக் கடைசில தூவி இறக்கினா கொஞ்சமே தூக்கலா தெரியும், மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா அதுவும் தேவைப்படாது. வெள்ளரிக்கா பச்சடிக்கு வறுத்த சீரகம் போதும். நெத்திலியை ஊறவச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு சமைங்க, கொட்டிடணும், குழம்புல ஊத்தக்கூடாது!

அங்கிள்கிட்ட அதே நோட்டைத் திருப்பிக் குடுத்திருக்கேன். இந்தத் தடவை தொட்டுக்கிட்டதையும் எழுதணும், கடைசில விரல்ல வழிச்சதையும் சேர்த்து.