பீடியை விட்ட பிறகும் ஏன் இரைக்கிறது?

பீடியை விட்டுச் சில வருடங்களாகியும் சளியும் இரைப்பும் நிற்கவில்லையே என்று கேட்பவர்களை, ஆலங்குளம், முக்கூடல் பக்கத்திலிருந்து சிகிச்சைக்கு வருபவர்களில் அடிக்கடி பார்க்கிறேன். நெஞ்சில் படிந்த கரியைக் கழுவி எடுக்க மருந்து கேட்பவர்களும் உண்டு. கரி மட்டும்தான் காரணம் என்றால் சிகிச்சை எளிதாக இருந்திருக்கும்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள அடித்தளச் செல்களிலிருந்துதான், சளியைச் சுரக்கும் செல்களும் அதை மேலே தள்ளும் நுண்மயிர்ச் செல்களும் காலமெல்லாம் புதிதாக உருவாகின்றன. இவை அனைத்திலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.; எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதை டி.என்.ஏ.வில் ஒட்டும் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகளும், அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மாற்றங்களும் முறைப்படுத்துகின்றன. எபிஜெனெடிக்ஸ் எனப்படும் இந்த ஏற்பாட்டைப் புகை குலைக்கும்போது, நுண்மயிர்ச் செல்கள் குறைந்து சளிச் செல்கள் பெருகுகின்றன. சில இடங்களில் தோலைப் போன்ற தட்டைச் செல்கள் தோன்றுகின்றன, அவற்றுள் சில புற்றுநோயை நோக்கியும் செல்லக்கூடும். செல் பிரியும்போது இக்குறிகளும் உடன் கடத்தப்படுவதால், புகை நின்ற அன்றே எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை. ஆயினும் விடுவதால் பயனுண்டு: புகைப்பவர்களின் ரத்தத்தில் ஏ.எச்.ஆர்.ஆர். என்ற மரபணுவில் குறைந்துபோகும் மெத்தில் குறிகள், புகையை விட்டபின் மெல்ல மீள்கின்றன. வேறு சில குறிகள் பல்லாண்டு மாறாமலும் நிற்கின்றன.

'பக்கத்து வீட்டு ஆஸ்துமாக்காரருக்குக் கேட்ட மருந்து எனக்குக் கேட்கவில்லை' என்ற குறைக்கும் இங்கே விடையுண்டு. (அடுத்தவர் இன்ஹேலரை வாங்கி இழுத்துப் பார்ப்பது நம் பக்கம் சாதாரணமாகிவிட்டது, அது கூடாது.) ஆஸ்துமாவுக்குத் தரும் இன்ஹேலர்களில் உள்ள ஸ்டீராய்டு, அழற்சி மரபணுக்களை அடக்க எச்.டி.ஏ.சி.2 என்ற நொதி தேவை. புகையால் வரும் சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் அது நுரையீரலில் குறைந்திருப்பதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. மூச்சுக்குழாயை விரிக்கும் பழைய மருந்தான தியோபிலினைக் குறைந்த அளவில் கொடுத்து அந்த நொதியை மீட்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் 2018இல் வெளியான பிரிட்டன் பரிசோதனையில், அவ்வாறு கொடுத்ததால் நோய் திடீரென முற்றுவது குறையவில்லை. அதற்காக ஸ்டீராய்டு எவருக்கும் வேண்டாம் என்று பொருளல்ல. அடிக்கடி நோய் முற்றுபவர்களுக்கும், ரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளணுக்கள் கூடியவர்களுக்கும் அது உதவுகிறது.

பெண்கள் 'நாங்கள் பீடி சுற்றுவதோடு சரி, குடிப்பதில்லை' என்பார்கள். ஆனால் காற்றோட்டமில்லாத அடுக்களையில் பல்லாண்டு விறகடுப்பு ஊதியவருக்கும் சி.ஓ.பி.டி. வருகிறது. நாற்பதைத் தாண்டியவர்கள், புகையில் பழகியிருந்து, படியேறும்போது இரைத்தாலோ இருமல் விடாமல் இருந்தாலோ, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துக்குப் பிறகும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளிவந்த பங்கு 0.7க்குக் கீழே இருந்தால் அடைப்பு உறுதியாகிறது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம்; தொடக்கநிலை நோயில் எக்ஸ்ரே பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.