சைக்கிள் பேண்ட் ஏன் அந்த இடத்திலேயே கிழிகிறது?

பர்மாவின் மௌல்மீனிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறாள். “அக்கா, டியூஷன் எடுக்கத் தினமும் சைக்கிளில்தான் போய் வருகிறேன். ஆறு மாதத்தில் மூன்று பேண்ட் போய்விட்டது. மூன்றும் ஆசனத்தில், கால் இரண்டும் பிரியும் இடத்தில்தான் கிழிந்தன. துணி மட்டமா, தையல் மட்டமா, இல்லை நான்தான் குண்டாகிவிட்டேனா? வெளிநாட்டில் பெண்களுக்கென்று சைக்கிள் பேண்ட் விற்கிறார்களாமே. படத்தில் பார்த்தால் சாதாரண பேண்ட் மாதிரிதான் இருக்கிறது. அதில் அப்படி என்ன வித்தை?”

வித்தை இருக்கிறது. வெளியே தெரியாத இடத்தில் இருப்பதால் படத்தில் அகப்படவில்லை.

கிழிந்த பேண்டை உள்பக்கம் திருப்பிப் பார். முன்னால் இரண்டு துண்டு, பின்னால் இரண்டு துண்டு. நான்கும் ஒரே புள்ளியில் வந்து முட்டும். முன்னிருந்து பின்னாக ஓடும் தையலும் இரண்டு கால்களின் உள்தையலும் வெட்டிக்கொள்ளும் நாற்சந்தி அது. ஒவ்வொரு தையலுக்கும் உள்ளே துணி மடிந்து கிடப்பதால், விரலால் தடவினால் சின்னக் கொட்டை மாதிரி நிரடும். நடக்கும்போது அது பாட்டுக்குத் தொங்கும். சைக்கிளில் ஏறினால் சீட்டுக்கும் உடம்புக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். உரசல், வலி எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

கிழிசலும் அங்கேதான். ரங்கூன் துணிக்கடையில் கவனித்திருப்பாய். கடைக்காரர் கத்தரியால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுக் கொடுப்பார், பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார். ‘பர்ர்’ரென்று நேர்கோட்டில் போய்விடும். வெட்டு இல்லாமல் இழுத்துப் பார், பயில்வான் வந்தாலும் நடக்காது. வெட்டு இல்லாதபோது நூற்றுக்கணக்கான நூல்கள் இழுவையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வெட்டு விழுந்ததும் அதன் நுனியில் இருக்கும் இரண்டு மூன்று நூல்களின் தலையில் மொத்தமும் இறங்குகிறது. அவை அறுந்தால் அடுத்த இரண்டு. உன் பேண்டின் நாற்சந்தி, தையல்காரரே போட்டுக் கொடுத்த வெட்டு நுனி.

சரி, அவ்வளவு இழுவை எங்கிருந்து வருகிறது? என் பின்னிடுப்பிலிருந்து ஆசனம்வரை இன்ச் டேப் வைத்து அளந்தேன். நிற்கும்போது 14 அங்குலம். சைக்கிளில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடிக்கக் குனிந்ததும் 16½. அந்த இரண்டரை அங்குலத்தைப் பேண்ட் எங்கேயிருந்தாவது கொடுத்தாக வேண்டும். முதலில் பின்பட்டி கீழே இறங்கும், முதுகு தெரியும். அதற்கு மேலும் கேட்டால் நாற்சந்தியைப் பிடித்து இழுக்கும். சைக்கிள் பேண்டில் பின்னிடுப்பை உயர்த்தி முன்னிடுப்பைத் தாழ்த்தி வெட்டுவது இதற்காகத்தான். பெல்ட் போட்டு இறுக்கினால் கிழிசல் இன்னும் சீக்கிரம் வரும், ஜாக்கிரதை.

இங்கே நம் ஊர் ஷான் பேண்ட் ஞாபகம் வரலாம். ஆசனத்தை முழங்கால் பக்கம்வரை தாழ்த்தி, துணியை வாரி இறைத்திருப்பார்கள். வயலில் குந்தி உட்கார அது சொர்க்கம். சைக்கிளில், தொங்கும் துணி சீட்டின் மூக்கில் மாட்டும், இறங்கும்போது ஆளைக் கவிழ்க்கும். பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டும் தமெய்னோ தைத்த குழாய். எவ்வளவு காலை அகட்டலாம் என்பதைக் குழாயின் சுற்றளவு தீர்மானித்துவிடுகிறது. நம் பாட்டிமார் மெதுவாக, முழங்காலை ஒட்டி மிதித்ததற்கு அடக்கத்தைவிட இந்தச் சுற்றளவுதான் காரணம் என்பது என் கட்சி. வெள்ளைக்காரிகளுக்கும் இதே பாடுதான். லண்டனில் ஆலிஸ் பைகிரேவ் என்ற தையல்காரி 1895-இல், பாவாடைக்குள் கயிறும் கப்பியும் வைத்து, இழுத்தால் முன்னும் பின்னும் திரை மாதிரி மேலே ஏறும்படி செய்து காப்புரிமையே வாங்கினார். பேண்ட் போட்டால் ஊர் சிரிக்கும் என்ற பயத்துக்கு எவ்வளவு எஞ்சினியரிங்!

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நல்ல சைக்கிள் பேண்டில் நாற்சந்தியே இருக்காது. அதை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளங்கை அளவு வைரவடிவத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்திருப்பார்கள். ஆசனத்துண்டு. ஒரு மூலை முன்னால், ஒன்று பின்னால், ஒன்று இடத்தொடைப் பக்கம், ஒன்று வலத்தொடைப் பக்கம். ஒரே புள்ளியில் இருந்த சுமை நான்கு மூலைக்கும் நான்கு ஓரத்துக்கும் பிரிந்துவிடுகிறது. சீட்டின் நடுவில் கொட்டை இல்லை, வழவழப்பான ஒற்றைத் துணி. இதுவரை எல்லாத் தையல்காரர்களுக்கும் தெரியும். அந்தத் துண்டுக்குள் நூல் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதில்தான் நான் மூக்கு உடைபட்டேன்.

வீட்டில் கட்டம் போட்ட பழைய கைலி இருந்தால் எடுத்துக்கொள். பாவு, அதாவது நீளவாக்கு நூல் வழியாக இழு. அசையாது. ஊடை, அதாவது குறுக்கு நூல் வழியாக இழு. அதுவும் அப்படித்தான். பருத்தி நூல் நூற்றுக்குப் பத்துப் பங்கு நீளுமுன்பே அறுந்துவிடும் ஜாதி. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்துக் கிராஸாக இழு. தாராளமாக வரும்! கைலியின் கட்டங்களைப் பார்: சதுரங்களெல்லாம் வைரங்களாகச் சாய்ந்திருக்கும். ஒரு நூல்கூட நீளவில்லை. பாவும் ஊடையும் சந்திக்கும் கோணம் மட்டும் மாறியிருக்கிறது, கதவில்லாத இரும்புச் சட்டம் சாய்வது மாதிரி. 10 செ.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் 14.1 செ.மீ. கோணம் 90 பாகையிலிருந்து 60-க்குச் சாய்ந்தால் அது 17.3 ஆகிவிடும். நூற்றுக்கு 22 பங்கு நீளம், ஓசியில். மறு மூலைவிட்டம் 10-ஆகச் சுருங்கும், அதுதான் விலை. கிராஸ் கட் ரவிக்கை உடம்போடு ஒட்டி நிற்பதன் ரகசியமும் இதுவே.

இந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் சந்தில் தைக்கும் பாயிடம் போனேன். “ஆசனத்துண்டைக் கிராஸில் வெட்டுங்க பாய், நூல் வைரத்தோட ஓரத்துக்கு இணையா ஓடட்டும்.” அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “டீச்சரம்மா, கிராஸ் ரவிக்கைக்கு. இது வேற.” நான் பௌதிகம் பேசினேன். அவர் பேசாமல் தைத்துக் கொடுத்தார். சம்மணம் போட்டேன், குந்தினேன், அருமை. சைக்கிளில் ஏறி இரண்டு நாள் ஓட்டினேன். துண்டின் குறுக்கே வரப்பு வரப்பாகச் சுருக்கம் விழுந்து, பழைய கொட்டையே தேவலை என்றாகிவிட்டது.

மூன்றாம் நாள்தான் உறைத்தது. சம்மணம் போடும்போது கால்கள் கவராயம் மாதிரி விரிகின்றன. மிதிக்கும்போது விரிவதில்லை. ஒன்று முன்னே ஏறும், மற்றது பின்னே இறங்கும். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்து, ஒன்றை மேலும் மற்றதைக் கீழுமாகத் தேய்த்துப் பார், அந்த அசைவு. துண்டின் இடமூலை முன்னே போகிறது, வலமூலை பின்னே போகிறது. அடுத்த நொடி நேரெதிர். அதாவது கால் கேட்பதே சாய்வைத்தான். சாய வேண்டுமானால் நூல்கள் நேராக, முன்-பின்னாகவும் இட-வலமாகவும் இருக்க வேண்டும். நான் வெட்டச் சொன்ன துண்டில் நூல் கிராஸாகக் கிடந்ததால் ஒரு வரிசை நூல் விறைத்துக்கொண்டது, மறு வரிசையை நீளவாக்கில் நெருக்கியது. நூலை நெருக்கினால் குட்டையாகுமா? வளைந்து மேலே எழும். அதுதான் வரப்பு.

பாய் அதே துணியில், அதே அளவில், நூலை மட்டும் 45 பாகை திருப்பி வெட்டினார். சுருக்கம் போயே போய்விட்டது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் அரை மணிக்கு 1,800 சுற்று; அந்தச் சின்னச் சதுரம் 1,800 தடவை இடப்பக்கம் சாய்ந்து 1,800 தடவை வலப்பக்கம் சாய்கிறது. ஒரு நூலும் நோகாமல். பார் வைத்த சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டு ஏறுபவர்களுக்கு விரிவும் வேண்டும், அவர்கள் துண்டைக் கொஞ்சம் பெரிதாக வைக்கலாம். லேடீஸ் சைக்கிளுக்கு அது தேவையில்லை.

முழங்கால் வேறு கதை. அங்கே துணி நீண்டு, திரும்பவும் பழைய நீளத்துக்கு வர வேண்டும். சாய்ந்த துணி தானாகத் திரும்பாது, அதனால்தான் பழைய பேண்டில் முழங்கால் பைபையாகத் தொங்கும். ஒரு வழி, முழங்கால் பக்கத்தில் டக் பிடித்து முன்கூட்டியே வளைத்துத் தைப்பது. இன்னொன்று ஸ்பேண்டெக்ஸ் என்ற, ரப்பர் மாதிரி நீளும் செயற்கை நூல். 1958-இல் டூபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்தது. சுருண்டு கிடக்கும் மென்மையான மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுநடுவே கெட்டியான முடிச்சுகள். இழுத்தால் சங்கிலி விரியும், விட்டால் தானே சுருண்டுகொள்ளும்; அது நழுவிப் போகாமல் முடிச்சு பிடித்துக்கொள்ளும். துணியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இருந்தாலே போதும். பிளீச்சிங் பவுடர் பட்டால் செத்துவிடும், அம்மாவிடம் சொல்லி வை. வலது காலின் கீழ்முனையைச் சுருக்க ஒரு பொத்தான் பட்டி வைத்திருப்பார்கள். செயின் அந்தப் பக்கம்.

காய வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண்களின் இடுப்புத் துணி தொங்கும் கொடிக்கு அடியில் போனால் ஆண்களின் ‘போன்’, அதாவது ஆண்பிறவியின் மகிமை, குறைந்துவிடும் என்ற பர்மிய நம்பிக்கை நம் வீடுகளுக்கும் ஒட்டிக்கொண்டது. 2021-இல் ராணுவ ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் பெண்கள் தெருவுக்குக் குறுக்கே தமெய்ன்களைக் கட்டிச் சிப்பாய்களையே தயங்க வைத்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம், அது தனி. ஆனால் எங்கள் வீட்டில் இன்னமும் என் பேண்ட் கொல்லைப்புறத்து ஈரத்தில்தான் தொங்குகிறது. ஐப்பசிவரை மழை. ஈரத்துணி தோலில் உரசும்போது காய்ந்த துணியைவிட அதிகமாகப் பிடிக்கும், தொடையில் புண் வரும். இந்த நம்பிக்கையின் விலையை ஆண்கள் யாரும் கொடுக்கவில்லை. என் பேண்டை வாசல் கொடிக்கு மாற்றிவிட்டேன். அண்ணன் சுற்றிக்கொண்டு போகிறார், போகட்டும்.

ரங்கூனின் லைங் தாயாத் தொழிற்பேட்டையில் வெளிநாட்டுக்குத் துணி தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அளவும் வெட்டுமாதிரியும் வெளியிலிருந்து வரும், இங்கே அதன்படி வெட்டித் தைத்துக் கட்டி அனுப்புவதோடு சரி. வெட்டு ஏன் அப்படி என்று கேட்க ஒரு சின்ன ஆய்வுக்கூடம், ஒரு இழுவை மெஷின், ஓட்டிப் பார்க்க நான்கு சைக்கிள்: இதற்கு யாராவது பணம் ஒதுக்கினால் நான் சம்பளம் வாங்காமல் போய் உட்காருவேன். பாயையும் கூட்டிக்கொண்டு.

புதுப் பேண்ட் வாங்காதே, தங்கச்சி. கிழிந்ததையே தையல்காரரிடம் கொடு. நாற்சந்தியை நான்கு பக்கமும் இரண்டரை அங்குலம் பிரித்து, துண்டு வைத்து, இரட்டைத் தையல் போடச் சொல். துணி கிடைக்காவிட்டால் அப்பாவின் பழைய கைலி போதும், ஆனால் கட்டம் போட்டதாகப் பார்த்து எடு. நூல் நேராக ஓடுகிறதா, கிராஸாக ஓடுகிறதா என்று கட்டமே காட்டிக்கொடுத்துவிடும்.