ஐரோப்பாவில் வாங்கும் போனுக்கு எதுவரை அப்டேட் வரும்?

பாரிஸிலோ பெர்லினிலோ இருக்கும் சொந்தக்காரர் போன் வாங்கி அனுப்புகிறேன் என்றால், கேமராவைப் பற்றித்தான் முதலில் கேட்போம். பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும் என்று கேட்பவர்கள் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கென்றே ஒரு விதி 2025 ஜூன் 20 முதல் நடப்பில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இது இணையப் பாதுகாப்புச் சட்டமே இல்லை; குப்பையையும் மின்செலவையும் குறைக்க வந்த சூழல் விதி. அப்டேட் நின்ற போன் சீக்கிரம் குப்பைக்குப் போகும் என்பதுதான் கணக்கு.

விதி சொல்வது 5 ஆண்டு. ஆனால் அது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. கம்பெனி அந்த மாடலின் கடைசி போனைச் சந்தைக்கு விட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த மாடலை 2027 செப்டம்பரில் நிறுத்தினால், கெடு 2032 செப்டம்பர். முதல் நாளே வாங்கியவருக்கு 7 வருஷம். கடையில் தேங்கிக் கிடந்ததை 2028 செப்டம்பரில் வாங்கியவருக்கு 4 வருஷம்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் அதே தேதிதான்.

வேகத்துக்கும் கெடு உண்டு. ஆண்ட்ராய்டில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்து கூகுள் மூலநிரலை (மென்பொருள் எழுதப்பட்ட வரிகளை) வெளியிட்டால், ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடும். அதனால் போன் கம்பெனி அந்தத் திருத்தத்தை 4 மாதத்துக்குள் தர வேண்டும். என்னைக் கேட்டால் அதுவே அதிகம். புது வசதிகளுக்கான அப்டேட்டுக்கு 6 மாதம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. விதியின் வாசகம் 'அப்டேட் வழங்கினால்', அதை இலவசமாக, அந்த மாடல் போன் எல்லாவற்றுக்கும் தர வேண்டும் என்கிறது. அந்த 'ஆல்' விகுதியைப் பிடித்துக்கொண்டு, வழங்கியே தீர வேண்டும் என்று எங்கே இருக்கிறது என ஒரு கம்பெனி கேட்க இடமிருக்கிறது. எழுதியவர்கள் இன்னும் கறாராக எழுதியிருக்கலாம்.

பிரிட்டனில் வழி வேறு. 2024 ஏப்ரல் 29 முதல் அங்கே நடப்பில் உள்ள சட்டம், இத்தனை ஆண்டு என்று எதையும் நிர்ணயிக்கவில்லை. பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதிவரை என்று கம்பெனியே அறிவிக்க வேண்டும். அறிவித்த பிறகு குறைக்க முடியாது. மீறினால் அபராதம் 1 கோடி பவுண்டு வரை, அல்லது உலகளாவிய வருமானத்தில் 4 சதவீதம் வரை, இரண்டில் எது அதிகமோ அது.

ஆகவே லண்டனில் வாங்குபவர் பணம் கட்டும் முன் கம்பெனியின் இணையதளத்தில் அந்தத் தேதியைத் தேடிப் பார்க்கலாம்.