ஐசியைக் கழற்றுமுன் பின்னூட்டலைப் பாருங்கள்

வன்னியில் சோலர் பம்புகளும் பற்றரி விளக்குகளும் பெருகிவருகின்றன. பழுதான கட்டுப்பாட்டுப் பலகை கிளிநொச்சியில் என் மேசைக்கு வரும்போது, யாரோ ஒருவர் செயற்பாட்டு விரியலாக்கியை (op-amp), அதாவது சிறு வோல்ட்டளவுகளைப் பெருக்கவோ ஒப்பிடவோ உதவும் ஐசியை, ஏற்கெனவே கழற்றி மாற்றியிருப்பார். பல வேளை பழையது நல்ல ஐசியாகவே இருந்திருக்கும். கழற்றிய சூட்டில் கிளம்பிப்போன செப்புத் தடம்தான் இப்போது கூடுதல் கோளாறு.

உயர்தரப் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இந்த ஐசி பற்றிய இரண்டு விதிகள் மனப்பாடம். பெய்ப்புகளுக்குள், அதாவது நேர் (+), மறை (−) என்ற இரு உள்ளீட்டுக் கால்களுக்குள், மின்னோட்டம் போகாது. இரு பெய்ப்புகளின் வோல்ட்டளவும் சமம். முதலாவதைப் பழுதுபார்க்கும் வேலையில் தாராளமாக நம்பலாம்; போவது நனோ அம்பியர் கணக்கில்தான். இரண்டாவதற்கு நிபந்தனை உண்டு. பயப்பிலிருந்து (வெளியீட்டுக் காலிலிருந்து) மறைப் பெய்ப்புக்குத் தடையி வழியாகத் திரும்பிவரும் இணைப்பு, அதாவது பின்னூட்டல், இருக்க வேண்டும்; பயப்பு நிரம்பிய நிலைக்கு, அதாவது அதற்கு மேல் ஏறவோ கீழே இறங்கவோ முடியாத எல்லைக்கு, போயிருக்கவும் கூடாது. வோல்ட்டளவுகளைச் சமப்படுத்துவது அந்தப் பின்னூட்டல்தான். ஐசிக்குள் இரு கால்களும் இணைக்கப்பட்டிருக்கவில்லை.

12 வோல்ட்டில் ஓடும் எல்எம்358 (LM358) என்ற செயற்பாட்டு விரியலாக்கி ஐசி ஒன்றை எடுங்கள். சைகை நேர்ப் பெய்ப்புக்குப் போகிறது. பின்னூட்டலில் 100 கிலோ ஓம், மறைப் பெய்ப்பிலிருந்து புவிக்கு 10 கிலோ ஓம். பெருக்கம் 11. சைகை 0.5 வோல்ட் என்றால் பயப்பு 5.5; மறைப் பெய்ப்பிலும் 0.5 இருக்கும். சைகை 1.2 ஆகட்டும். கணக்குப்படி பயப்பு 13.2 வர வேண்டும். வழங்கலே 12 தானே! இந்த ஐசியின் பயப்பு வழங்கலுக்கு ஏறத்தாழ 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். ஆகவே 10.5. அதை 11ஆல் வகுத்தால் மறைப் பெய்ப்பில் கிடைப்பது 0.95. மல்ரிமீற்றரில் ஒரு பக்கம் 1.2, மறுபக்கம் 0.95 என்று கண்டதும் பற்றாசுக்கோலைச் சூடாக்காதீர்கள். ஐசி சரியாகவே வேலை செய்கிறது. சைகை ஏன் கூடியது என்று தேடுங்கள்.

பற்றரி இறங்கியதும் வெட்டிவிடும் சுற்றுகளில் மறைப் பின்னூட்டல் பெரும்பாலும் இருக்காது. அங்கே ஐசி இரு வோல்ட்டளவுகளை ஒப்பிட மட்டுமே செய்கிறது; சமத்தை எதிர்பார்ப்பதே பிழை. நேர்ப் பெய்ப்புக் கூடினால் பயப்பு மேலே, மறைப் பெய்ப்புக் கூடினால் கீழே. இதற்கு மாறாக நின்றால்தான் ஐசியைச் சந்தேகிக்கலாம். அதற்கும் முன், எல்எம்358 என்றால் 8ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் இடையே வழங்கல் வருகிறதா என்று அளந்துவிடுங்கள். முனையைப் பலகையின் தடத்தில் வைக்காமல் ஐசியின் காலிலேயே வையுங்கள். பற்றாசில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அப்போதுதான் அகப்படும்.