சோற்றில் நெளிந்த புழு

"சோற்றைப் பிசைகிறேன் மேடம். கையில் ஏதோ நெளிகிறது. பார்த்தால் புழு. துப்பப் போனால் வாய்க்குள்ளும் அதுதான். எதிரே வீட்டார் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்."

சொன்னவர் நாற்பதைக் கடந்த பள்ளி ஆசிரியை. (ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இரண்டு மாதமாக வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் இதே கனவு. விழித்ததும் ஓடிப்போய் வாய் கொப்பளிப்பாராம். பகலிலும் சோறு இறங்குவதில்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொல்லிக் கையில் கயிறு கட்டிக்கொண்ட பிறகுதான் மனநல ஆலோசகரான என்னிடம் வந்தார்.

கனவில் அசிங்கத்தைக் கண்டால் பணம் வரும் என்று நம் வீடுகளில் ஆறுதல் சொல்வார்கள். புழுவுக்கு இது பொருள், மலத்துக்கு அது பொருள் என்று எடுத்துக்கொடுக்கும் அகராதி உளவியலிலும் கிடையாது. நான் புழுவை விட்டுவிட்டுக் குமட்டலைத்தான் பிடித்துக்கொள்வேன். இதே குமட்டல் பகலில் எப்போது வருகிறது? வந்தால் அதை என்ன செய்கிறீர்கள்?

அவரிடமும் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. மாமியார் பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதம் ஆகிறது. மூத்திரத் துணி மாற்றுவது, மலம் அள்ளுவது, படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாம் இவர்தான். "என் பிரசவத்துக்கு அவர்கள்தான் எல்லாம் செய்தார்கள். அவர்களைத் தொடக் கூசுகிறது என்று நான் யாரிடம் சொல்வேன்?"

யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானேகூட ஒப்புக்கொள்ளவில்லை. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. தூங்கப்போகுமுன் ஒருவரைப் பற்றி நினைக்கவே கூடாது என்று முயன்றவர்களுக்கு அந்த ஆளே கனவில் கூடுதலாக வந்தார். கனவுகள் மிகத் தெளிவாக வரும் உறக்கக் கட்டத்தில் மூளையின் உணர்ச்சிப் பகுதிகள் சுறுசுறுப்பாக இருக்கும். நிதானித்து எடைபோடும் முன்பகுதி அடங்கியிருக்கும். பகலில் கதவைச் சாத்தி வைத்தவர் இரவில் காவலுக்கு இல்லை.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் படுப்பது மாமியாரின் கட்டிலுக்குக் கீழே, பாய் விரித்து. 2009-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், தூங்குகிறவர்களின் மூக்கருகே அழுகிய முட்டை நாற்றத்தையும் ரோஜா மணத்தையும் மாறி மாறி விட்டுப் பார்த்தார்கள். முட்டையோ ரோஜாவோ கனவில் பெரிதாக வரவில்லை. கனவின் உணர்வு மட்டும் நாற்றத்தில் கசந்தது, மணத்தில் இனித்தது. படுக்கையை அடுத்த அறைக்கு மாற்றி, கூப்பிட ஒரு மணி வைக்கச் சொன்னேன். ஆலோசகர் சொல்ல வேண்டிய யோசனையா என்று கேட்காதீர்கள். அது பாதி வேலையைச் செய்தது.

தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், இளிவரல் என்ற அருவருப்பும் ஒன்று. அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டினேன். முதல் இரண்டைக் கேட்டதுமே அழுதுவிட்டார். கூசுவது உடம்பின் பழைய காவல். அழுகலையும் நோயையும் விட்டு விலகச் சொல்லும் ஏற்பாடு. அன்பு இருந்தால் அது வராது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

பிறகு கனவைத் திருத்தினோம். கெட்ட கனவின் கதையை விழித்திருக்கும்போதே விரும்பியபடி மாற்றி, தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் முறை இது. இவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, புதிதாக உலை வைப்பதாக மாற்றிக்கொண்டார்.

எல்லாக் கனவும் இப்படி அவிழ்வதில்லை. சில மனச்சோர்வு மாத்திரைகளும் ரத்த அழுத்த மாத்திரைகளும் கனவைக் கூர்மையாக்கும். காய்ச்சலும் குடியைத் திடீரென நிறுத்துவதும்கூட. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களிடம் நான் கேட்கும் கனவு வேறு மாதிரி: எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத அழுக்கு. செய்தவன்மேல் வரவேண்டிய அருவருப்பு, பட்டவர் உடம்பின்மேல் திரும்பியிருக்கும். இதைத் தனியாகத் தோண்டாதீர்கள். பயிற்சி பெற்றவர் துணை வேண்டும். குழந்தை இப்படிக் கனவு சொல்லி, குறிப்பிட்ட ஒருவரிடம் போக மறுத்தால், குறுக்கு விசாரணை செய்யாமல் சொல்வதை நம்பிக் கேளுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இரண்டும் இலவச எண்கள்.

ஆசிரியை ஆறு வாரம் கழித்து வந்தார். கனவு அவ்வப்போது எட்டிப்பார்க்கிறது, ஆனால் தட்டைத் தள்ளிவிட முடிகிறது என்றார். ஞாயிற்றுக்கிழமைத் துணி மாற்றும் முறையைக் கணவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். "முதல் நாளே அவருக்குக் குமட்டி, வாசலுக்கு ஓடிவிட்டார் மேடம்" என்று சொல்லும்போது அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.