சீட்டைக் குத்தும் கம்பி

பெங்களூரு மாரத்தஹள்ளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “லாக் ஃபைலில் எழுதுவதை ஏசிங்க் முறைக்கு மாற்றினேன். எப்போதாவது ஒரு வரி குப்பையாக விழுகிறது. நடுவில் கொஞ்ச நேரம் சும்மா நிற்க ஒரு ஸ்லீப் போட்டால் சரியாகிவிடுகிறது. ஏன் சார்?” (அந்த வார்த்தையைத் தமிழில் முழுதாக எழுதினால் அசிங்கமாக வருகிறது. ஏசிங்க் என்றே விட்டுவிடுகிறேன்.)

புரோகிராமால் டிஸ்க்கை நேரடியாகத் தொட முடியாது, சிஸ்டம் கால் மூலம் கெர்னலிடம், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையத்திடம், கேட்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். எந்த ஃபைல், டேட்டா எங்கே இருக்கிறது, எத்தனை பைட்: கேட்கும்போது கொடுக்கும் இந்த விவரங்கள்தான் ஆர்க்யுமென்ட். பழைய முறையில் வேலை முடியும் வரை கேட்டவர் அங்கேயே நிற்பார். ஏசிங்க்கில் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்.

அல்சூரில் எங்கள் தெருமுனை தர்ஷினியில் (நின்றபடியே சாப்பிடும் ஓட்டல்) நடப்பதும் இதுதான். கேஷில் பணம் கட்டி, பில்லை தோசை கவுண்டரில் நீட்டுவேன். அங்கே நிற்பவர் அதை வாங்கி ஒரு பார்வை பார்த்து, நிமிர்ந்து நிற்கும் கம்பியில் சக்கென்று குத்திவிடுவார். அப்புறம் நான் காபிக்குப் போகலாம். குத்தாமல், “பார்த்துட்டேன், நீங்களே வெச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு, பரிமாறும்போது மறுபடி எட்டிப் பார்த்தால்? நடுவில் நான் ஒரு இட்லியை நான்கு மசால் தோசையாகத் திருத்திவிடலாம்.

கெர்னலில் இந்தத் திருட்டுக்குப் பெயர் டபுள் ஃபெட்ச். உதாரணத்துக்கு, கெர்னல் 64 பைட் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. புரோகிராமின் மெமரியில் நீளம் என்ன என்று பார்க்கிறது: 64. சரி, பொருந்தும். பிறகு காப்பி செய்யும்போது அதே எண்ணை அங்கேயே போய் மறுபடி படிக்கிறது. இந்த இடைவெளியில், இன்னொரு கோரில் ஓடும் அதே புரோகிராமின் வேறொரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) அதை 4000 ஆக்கிவிட்டது. 64 பைட் இடத்தில் 4000 பைட் கொட்டுகிறது. பக்கத்தில் இருந்த கெர்னல் டேட்டா போச்சு.

மருந்து எளிது: ஒரே தடவை படி, உன் இடத்தில் காப்பி வை, காப்பியைச் சோதி, காப்பியையே பயன்படுத்து. எனக்குப் பிடித்த வில்லங்கம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. நீங்கள் ஒழுங்காக ஒரு லோக்கல் வேரியபிளில் எடுத்து வைத்தாலும், கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் “மெமரியில் இருப்பதும் இதே எண்தானே” என்று நினைத்து, சிபியுவுக்குள் இருக்கும் சின்ன இடமான ரெஜிஸ்டரை மிச்சம் பிடிக்க மறுபடி மெமரியையே படிக்கலாம். இடையில் இன்னொருவர் மாற்றுவார் என்று அதற்குத் தெரியாது. நீங்கள் குத்திய சீட்டை அது கம்பியிலிருந்து உருவி வாடிக்கையாளர் கையில் திருப்பிக் கொடுத்த மாதிரி. அதனால்தான் லினக்ஸ் கோடில் ரீட் ஒன்ஸ் என்ற மேக்ரோவை அங்கங்கே பார்க்கலாம். ஒரே தடவைதான் படிக்க வேண்டும் என்று கம்பைலருக்குப் போடும் உத்தரவு அது.

2019இல் லினக்ஸ் 5.1இல் யென்ஸ் ஆக்ஸ்போ கொண்டுவந்த ஐஓ யூரிங் என்ற ஏசிங்க் வசதியில் இது இன்னும் கூர்மையாகிறது. அங்கே புரோகிராம் தன் கோரிக்கைகளை எழுதும் 64 பைட் சீட்டுகள் புரோகிராமும் கெர்னலும் சேர்ந்து தொடும் மெமரியிலேயே கிடக்கின்றன. வேகம் அதில்தான், ஆபத்தும் அதில்தான்.

எல்லாவற்றையும் காப்பி செய்ய முடியாதா? சீட்டைச் செய்யலாம். எழுத வேண்டிய ஒரு ஜிபி டேட்டாவைச் செய்தால் ஏசிங்க்கின் லாபமே போய்விடும். எனவே முடிவெடுக்க உதவும் எண்களைக் கெர்னல் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. உள்ளடக்கத்தை உங்கள் பஃபரிலேயே, அதாவது நீங்கள் டேட்டாவை வைத்திருக்கும் மெமரி இடத்திலேயே, விடுகிறது. வேலை முடிந்ததாகத் தகவல் வரும் வரை அந்த பஃபரை நீங்கள் தொடக் கூடாது. தொட்டால் உங்கள் ஃபைல்தான் கெடும், கெர்னல் கெடாது.

சீட்டோடு இன்னொன்றும் எடுத்து வைக்க வேண்டும்: கேட்டது யார் என்பது. பிறகு வேலையைச் செய்வது வேறொரு த்ரெட். 5.4.2க்கு முந்தைய லினக்ஸில், ஐஓ யூரிங் வழியாகப் போன சில கோரிக்கைகள் எல்லாம் செய்யக்கூடிய ரூட் அதிகாரத்தோடு ஓடின. சமையற்காரர் தன் பெயரிலேயே ஆர்டர் போட்டுக்கொண்ட கதை. 5.12லிருந்து அந்த வேலைக்கார த்ரெட்டுகள் கேட்ட புரோகிராமிலிருந்தே பிறக்கின்றன, அதிகாரமும் அதனுடையதே. ஆனாலும் கெர்னல் ஓட்டைகளுக்குப் பரிசு தரும் திட்டத்தில் தனக்கு வந்தவற்றில் 60 சதவீதம் ஐஓ யூரிங்கைப் பயன்படுத்தியவை என்று 2023இல் கூகுள் சொன்னது; குரோம் ஓஎஸ்ஸில் அதை அணைத்தும் வைத்தது.

இனி வாசகரின் குப்பை வரி. அவர் பஃபர் ஃபங்க்ஷனுக்குள் லோக்கலாக, ஸ்டாக்கில் (ஃபங்க்ஷன் திரும்பியதும் காலியாகும் மெமரியில்) இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். உடனே முடியும் வேலையைக் கெர்னல் அங்கேயே முடித்துவிடும். அப்போது வரி சரியாக விழும். முடியாததை வேலைக்கார த்ரெட்டிடம் தள்ளும். அது வந்து படிப்பதற்குள் ஃபங்க்ஷன் திரும்பியிருக்கும், அந்த ஸ்டாக் இடத்தில் வேறு யாரோ குடியேறியிருப்பார்கள். ஸ்லீப் போட்டால் ஃபங்க்ஷன் கொஞ்சம் தாமதமாகத் திரும்புகிறது, அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்கு சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதைப் பார்த்துச் சிரிக்கும் இந்த ஊர் எஞ்சினியர்கள், கோடில் காரணமில்லாத ஸ்லீப்பைப் பயபக்தியோடு விட்டுவைப்பதுதான் எனக்குப் புரிவதில்லை. குங்குமமாவது லோடு கூடினால் தோற்காது.

பஃபரை ஹீப்பில், அதாவது நீங்களே ஃப்ரீ செய்யும் வரை காலியாகாத மெமரியில், ஒதுக்குங்கள். அதன் முகவரியைச் சீட்டின் யூசர் டேட்டா கட்டத்தில் எழுதி அனுப்புங்கள். முடிந்த தகவலோடு அதே எண் திரும்பி வரும். அப்போது ஃப்ரீ செய்யுங்கள்.